ஒற்றைத் தகட்டுக் கதவும் தொழிற்கூடத்தின் வெப்பமும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாக வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் சென்றால், மாநில எல்லையைத் தாண்டியதும் தடாவை அடுத்து ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் காணப்படுகிறது. 1960-ஆம் ஆண்டு வரையில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, எல்லை மாற்றத்தின்போது ஆந்திரத்துடன் இணைக்கப்பெற்று, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள சத்தியவேட்டுப் பகுதியே இது. 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நகரில் மோட்டார் வண்டிகள், மெட்ரோ ரயில் பெட்டிகள், சாக்லேட் முதலிய பற்பல பொருள்கள் உற்பத்தியாகின்றன. குளிர்சாதன யந்திரங்களைச் செய்யும் டைக்கின், புளூ ஸ்டார் ஆகிய நிறுவனங்களும் 2023-ஆம் ஆண்டில் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. இத்துணைத் தொழில்களுக்கும் பொதுவாக வேண்டப்படுவது கிடங்கு. கிடங்குக்கு இன்றியமையாதது லாரி வந்து நிற்கும் அகன்ற வாயில். அவ்வாயிலுக்கு ஒரு கதவு.

இக்கதவைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. கட்டட ஒப்பந்தக்காரருள் பலர், எது மலிவோ அதுவே போதும் என்று மெல்லிய ஒற்றைத் தகட்டுக் கதவை மாட்டிவிட்டு அகன்று விடுகின்றனர். கதவு விற்பவரோ, இரு தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய கதவே எவ்விடத்தும் சிறந்தது என்கின்றனர். இவ்விரண்டும் பாதி உண்மையே. ஒற்றைத் தகட்டுக் கதவு தன்னளவில் குற்றமுடையதன்று. அதன் நிறம், அது நோக்கும் திசை, காற்றைத் தாங்கும் வலிமை, பராமரிப்பு ஆகியவற்றில் காட்டப்படும் அசிரத்தையே அதற்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்திருக்கிறது. நுரைக்குச் செலவிடப்படும் பணத்தின் ஒரு சிறு பங்கு இவற்றுக்குச் செலவிடப்பட்டால், கதவின் அருகே நாள் முழுதும் நின்று சுமை ஏற்றுவோரின் துன்பம் பெரும்பாலும் நீங்கும்.

முதலில் கதவின் அமைப்பைச் சிறிது அறிதல் நன்று. கடைத்தெருவில் யாவரும் அறிந்த சுருள் ஷட்டர் வேறு, இது வேறு. ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள தகட்டுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீல்களால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் இரு ஓரங்களிலும் உள்ள சிறு சக்கரங்கள், சுவரோரமாக மேலேறிக் கூரையின் கீழ் வளையும் தடங்களில் உருளும். கதவைத் திறக்கும்போது பட்டைகள் ஒவ்வொன்றாக மேலேறிக் கூரையின் கீழ் படுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் என்பவர் 1921-ஆம் ஆண்டில் இத்தகைய மேலேறும் கதவை அமைத்தார் என்பர். தகட்டின் வரலாறு இதனினும் பழையது. லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியியலரான ஹென்றி பால்மர் 1829-ஆம் ஆண்டில் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால் அது பன்மடங்கு விறைப்படைகிறது என்பதே அவர் கண்ட நுட்பம். 1837-ல் பிரான்ஸ் நாட்டு சொரேல் என்பவர் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். ஆகவே துறைமுகக் கிடங்கும் தகரமும் பிறந்தது முதலே உறவினர் எனலாம்.

அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு வெப்பத்தைத் தடுப்பதில் ஒன்றுமில்லாமைக்குச் சமம். வெப்பத்திற்கு ஏற்படும் தடை, தகட்டின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் படலங்களாலேயே உண்டாகிறது. அத்தடையைத் தகட்டின் தடையோடு ஒப்பிட்டால் முன்னது பதினாயிரம் மடங்குக்கும் மேற்பட்டதாகும். 40 மில்லிமீட்டர் பாலியூரத்தேன் நுரை சேர்ந்தால் மொத்தத் தடை பத்து மடங்காகப் பெருகும். பட்டைகளின் இணைப்புகளிலும் ஓரங்களிலும் ஏற்படும் கசிவைக் கணக்கிட்டால் முழுக் கதவில் அது ஐந்து, ஆறு மடங்காகக் குறையும். விற்பனையாளர் காட்டும் அட்டவணையில் பெரும்பாலும் முதல் எண்ணே இருக்கும். இரண்டாவதைக் கேட்டுப் பெறவேண்டும்.

ஆனால் கத்திரி வெயிலில் கதவருகே நிற்பவரை வாட்டுவது வெளிக்காற்றின் வெப்பம் அன்று. அவ்வெப்பம் திறந்த வாயில் வழியே எப்படியும் உள்ளே வந்துவிடுகிறது. அவரை வாட்டுவது காய்ந்த தகடு வீசும் கதிர்களே. மே மாதப் பிற்பகல் நான்கு மணியளவில், மேற்கு நோக்கிய செங்குத்தான சுவரின் ஒரு சதுர மீட்டர்மீது சுமார் 650 வாட் சூரிய சக்தி விழுகிறதென்று கொள்வோம். கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்ந்த வர்ணம் அதில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிக்கொள்ளும். காற்றின் உஷ்ணநிலை 38 டிகிரி சென்டிகிரேடாக இருக்கையில் அத்தகடு 58 அல்லது 60 டிகிரிக்கு ஏறிவிடும். நல்ல வெள்ளை வர்ணம் பத்தில் மூன்று பங்கையே ஏற்கிறது; அத்தகடு 45 டிகிரியைத் தாண்டுவது அரிது. நுரையே இல்லாமல், வர்ணத்தை மாற்றியதால் மட்டும் பதினைந்து டிகிரி இறங்கிவிட்டது. நிறுவனத்தின் அடையாள வர்ணம் என்று சொல்லி மேற்குக் கதவுகளுக்குக் கருநீலம் பூசுவது, அழகை முன்னிட்டுத் தொழிலாளரின் தலையில் நெருப்பைக் கட்டுவதேயாகும்.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. கதவின் வெளிப்புறத்தை வெள்ளையாக்குவதோடு, உட்புறத்தையும் வெள்ளையாக்கினால் குளிர்ச்சி மேலும் பெருகும் என்று நினைப்பவர் பலர். அது தவறு. 50, 60 டிகிரிக்குக் காய்ந்த தகடு வீசும் கதிர்கள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள். அக்கதிர்களைப் பொறுத்தவரையில் வெள்ளை வர்ணமும் கறுப்பு வர்ணமும் ஒன்றே. இரண்டும் தம்மால் வீசக்கூடிய அளவில் பத்தில் ஒன்பது பங்கை வீசிவிடும். வர்ணம் பூசாத பளபளப்பான துத்தநாகப் பூச்சோ அதில் கால் பங்கு அளவே வீசும். ஆகவே வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் வெறும் உலோகம் என்பதே கதவருகில் நிற்பவருக்கு உகந்த சேர்க்கை. மேலே கண்ட கணக்கைத் தொடர்ந்தால், இருபுறமும் வர்ணம் பூசிய கருநீலக் கதவு உள்ளே வீசும் கதிர் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இத்தகைய கதவிலிருந்து வெளிப்படும். நாளடைவில் துத்தநாகம் மங்கிவிடும், தூசி படியும் என்பது உண்மையே. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு அதனினும் நெடுங்காலம் பளபளப்பை இழக்காது. எனினும் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பட்டைகள் இருபுறமும் வர்ணம் பூசியே வருகின்றன. வேறு விதமாக வேண்டுமென்று கேட்பவர் இல்லாமையே காரணம்.

பள்ளி ஆசிரியர்கள் இதனைச் செலவின்றி மாணவர்க்குக் காட்டலாம். ஒரே அளவுள்ள மூன்று பிஸ்கட் டப்பா மூடிகளில் ஒன்றின் இருபுறமும் கறுப்பும், மற்றொன்றின் இருபுறமும் வெள்ளையும், மூன்றாவதன் வெளிப்புறம் மட்டும் வெள்ளையும் பூசுக. அவற்றை வெயிலை நோக்கி நிறுத்தி, நிழற்புறத்தில் ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுக. அளவெடுக்க விரும்பினால் சாதாரண வெப்பமானி போதாது, அது பெரும்பாலும் காற்றையே அளக்கும். ஒரு மேஜைப் பந்தில் துளையிட்டு, அதன் மேல் மங்கலான கறுப்பு வர்ணம் பூசி, வெப்பமானியின் குமிழை அதனுள் செருகினால், கதிர்களையும் சேர்த்து உணரும் கருவி கிடைத்துவிடும். வெளிக்கள ஊழியர் இதே கருவியைக் கிடங்குக் கதவின் உட்புறம் தொங்கவிட்டு, அருகே ஒரு சாதாரண வெப்பமானியையும் வைத்து, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். வேறுபாடு மிகுந்திருக்கும் கதவே முதலில் கவனிக்கத்தக்கது.

திசையைப் பற்றியும் கூறவேண்டும். ஸ்ரீ சிட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே பதின்மூன்றரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் அவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆகவே கோடையில் தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் விழும் வெயில் சொற்பமே. கிழக்கும் மேற்குமே வாங்குகின்றன. கிடங்கைக் கட்டுமுன் வாயில்களை வடக்கிலோ தெற்கிலோ அமைத்துவிட்டால், அதற்கு ஈடான நுரை உலகில் இல்லை. லாரி திரும்ப இடமில்லை என்ற காரணத்தால் மேற்கிலேயே வாயில் அமைந்துவிட்ட இடங்களில், கதவின்மேல் நீட்டிய தட்டையான கூரை மட்டும் பயன் தராது. சாயும் சூரியன் அதன் அடியில் புகுந்துவிடும். கூரையின் ஓரத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் தட்டியோ, லாரி நிற்கும் களத்துக்கு அப்பால் வரிசையாக நட்ட வேம்போ புங்கமோ வேண்டும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உள்வெப்பம் இயன்ற அளவு குறைந்திருக்கும்படி சுவர்களும் கூரைகளும் அமைய வேண்டும் என்று விதித்தது. சுவரும் கூரையும் அதில் பெயர் சொல்லி வந்தன, கதவு வரவில்லை. அக்காலத்துக் கதவு மரத்தால் ஆனது, சிறியது. ஒரு சுவரின் பெரும்பகுதியே கதவாகிவிட்ட இக்காலத்தில், பரிசோதனைக்குச் செல்வோர் கதவையும் சுவராகவே கருதுவதுதான் பொருத்தம்.

நுரை நிரப்பிய கதவு எங்கே வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளிது. உள்ளே குளிரூட்டப்பட்டிருந்து, கதவு பெரும்பான்மையான நேரம் மூடியிருக்குமாயின் அது வேண்டும். சாக்லேட்டு போன்ற பண்டங்களை 18 டிகிரி அளவில் வைத்திருக்கும் அறைக்கு ஒற்றைத் தகடு அறவே ஆகாது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் அணித்தான இப்பகுதியின் காற்றில் ஈரம் மிகுதி. கோடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் 25 டிகிரிக்குக் குளிர்ந்த எப்பொருளின் மீதும் நீர் அரும்பத் தொடங்கும். உள்ளிருந்து குளிர்ந்த தகடு வெளிப்புறம் வியர்க்கும். நீர் வழிந்து அடிப்பட்டையில் தேங்கித் துருவாகும். குளிரூட்டாத கிடங்கிலும் மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடுவதால் உட்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுவதுண்டு. அட்டைப் பெட்டிகளைக் கதவினின்று ஒரு முழம் தள்ளி அடுக்கினால் அதற்குப் போதும். இதற்கென்று கதவை மாற்றவேண்டியதில்லை.

ஆனால் குளிரூட்டிய கூடத்திலும் நுரை மட்டும் போதாது என்பதை ஒரு கணக்கு காட்டும். 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள வாயில்; உள்ளே 24 டிகிரி, வெளியே 32 டிகிரி. மூடிய ஒற்றைத் தகட்டின் வழியே உள்ளே செல்லும் வெப்பம், வெயில் படாதபோது, முக்கால் கிலோவாட் அளவே. கதவு திறந்திருக்குமாயின் குளிர்ந்த காற்று அடிப்புறமாக வெளியேறி, சூடான காற்று மேற்புறமாக நுழையும். இதனால் புகும் வெப்பம் 30 கிலோவாட்டுக்கும் அதிகம். காற்றின் ஈரத்தை நீக்குவதற்கு ஆகும் சக்தி வேறு. அதாவது, கதவை ஒரு நிமிஷம் திறந்து வைப்பது, நுரையற்ற தகட்டை நாற்பது நிமிஷம் மூடி வைப்பதற்குச் சமம். லாரிக்காகக் காலை முதல் மாலை வரை திறந்தே கிடக்கும் வாயிலுக்கு நுரைக் கதவு வாங்குபவர், ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போட்டவராவார். அங்கு வேண்டுவது வேகமாகத் திறந்து மூடும் கதவு, அல்லது தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை, அல்லது லாரியின் வாயைச் சுற்றிப் பொருந்தும் மெத்தை.

சிலர் பழைய கதவின் உட்புறத்தில் தெர்மகோல் பலகைகளை ஒட்டி, அதன்மேல் மெல்லிய தகடோ ஒட்டுப்பலகையோ அடித்துவிடுகின்றனர். இது வரவேற்கத்தக்கதன்று. தெர்மகோல் எளிதில் தீப்பற்றிக் கரும்புகை கக்கும். மேலும் கதவின் எடை கூடிவிடுவதால், அதனைத் தாங்கும் ஸ்பிரிங்கின் சமநிலை கெட்டுவிடுகிறது. இதைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

வெப்பத்தை விடப் பெரிய அபாயம் காற்று. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயலையும், 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலையும் இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுச் சுமை விதிகள், சென்னைக்கும் நெல்லூருக்கும் வினாடிக்கு 50 மீட்டர் அடிப்படை வேகத்தை விதிக்கின்றன. அவ்வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 150 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் அழுத்தும். மேற்சொன்ன 16 சதுர மீட்டர்க் கதவின்மீது சுமார் 2,400 கிலோ. கதவின் சொந்த எடையோ 150 கிலோ அளவில்தான் இருக்கும். ஒற்றைத் தகட்டுப் பட்டை நடுவில் வளைந்தால், ஓரத்துச் சக்கரங்கள் தடத்தைவிட்டு வெளியேறும். பிறகு கதவே வெளியேறும்.

கதவு போனால் கதவோடு நின்றுவிடுவதில்லை. மூடிய கட்டடத்தில் உள்காற்றின் அழுத்தக் குணகம் 0.2 என்றால், சுவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறந்துவிட்டால் அது 0.7 ஆகிறது என்று அதே விதிகள் கூறுகின்றன. கூரையை மேலிருந்து உறிஞ்சும் காற்றோடு, கீழிருந்து தள்ளும் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேலிருந்து இழுக்கும் குணகம் 0.8 என்று கொண்டால், மொத்தம் 1.0 ஆக இருந்தது 1.5 ஆகிவிடும், கூரையைப் பிடித்திருக்கும் ஆணிகளின் மீது சுமை ஒன்றரை மடங்கு. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் பல வீடுகளின் கூரைகள் பறந்ததற்கு, முதலில் உடைந்த கராஜ் கதவுகளே வழிவகுத்தன என்று ஆராய்ந்தோர் கண்டனர். அதன் பின்னரே அங்குக் கதவுகளின் காற்றுத் தாங்குதிறனைப் பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன.

இவ்விஷயத்தில் நுரைக் கதவுக்கு ஒரு மெய்யான மேன்மை உண்டு. இரு தகடுகளும் நுரையும் ஒட்டி ஒரே உடலாகிவிடுவதால் பட்டை விறைப்படைகிறது. ஆயினும் ஒற்றைத் தகட்டுக் கதவையும் வலுப்படுத்தலாம். ஒவ்வொரு பட்டையின் உட்புறத்திலும் குறுக்கே ஓர் எஃகுச் சட்டத்தை இணைப்பதும், சக்கரத்தின் அச்சை நீளமாக்குவதும், தடத்தைச் சுவரோடு நெருக்கமான இடைவெளிகளில் பிணைப்பதும் அதற்கு வழிகள். அகலம் கூடக் கூட அபாயம் அதனினும் வேகமாகக் கூடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 3 மீட்டர்க் கதவை 4.5 மீட்டராக அகலப்படுத்தினால் வளைக்கும் விசை இரண்டே கால் மடங்காகும். இரண்டு சிறு வாயில்கள் போதுமான இடத்தில் ஒரு பெரு வாயில் வைப்பது இக்கடற்கரைக்கு ஏற்றதன்று. கதவு வாங்குவோர் அதன் காற்றுத் தாங்குதிறனை எழுத்து மூலம் கேட்கவேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுக் குகையும் அதில் வல்ல நிபுணர்களும் இருக்கின்றனர்.

துருவைப் பற்றி நீண்டு கூறவேண்டியதில்லை. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடலோர ஊர்களில் உலோகம் அரிக்கப்படுவதைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அரிப்பு தொடங்குவது தகட்டின் நடுவில் அன்று. வெட்டிய விளிம்பிலும், ஆணித் துளையிலும், தரையைத் தொடும் அடிப்பட்டையிலுமே. மழைநீர் படாத பகுதியில் உப்பு கழுவப்படாமல் தங்கிவிடுவதால் அங்கே அரிப்பு அதிகம். மாதம் ஒருமுறை நல்ல நீரால் கழுவுவது இருவகையில் உபகாரம்: உப்பும் போகும், வெள்ளை வர்ணத்தின்மேல் படிந்து அதன் குணத்தைக் கெடுக்கும் புழுதியும் போகும்.

எஞ்சியிருப்பது ஸ்பிரிங். 150 கிலோ கதவை ஒருவர் கையால் தூக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் வாயிலின் மேலுள்ள தண்டில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் அக்கதவின் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பதே. சாதாரணமாகப் பொருத்தப்படும் ஸ்பிரிங், 10,000 தடவை திறந்து மூடுவதற்கென்று செய்யப்பட்டது. ஒரு வீட்டுக்கு அது பல ஆண்டுகள் வரும். நாளொன்றுக்கு நாற்பது தடவை திறக்கும் கிடங்கிலோ 250 நாட்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும். விலையைக் குறைத்து ஏலம் எடுத்த கதவில் பெரும்பாலும் இருப்பது இந்த ஸ்பிரிங்தான். கிடங்குக்கு 50,000 தடவைக்கோ அதற்கு மேலோ தாங்கும் ஸ்பிரிங்கையும், அது முறிந்தால் தண்டைப் பிடித்து நிறுத்தும் பாதுகாப்புப் பூட்டையும் கேட்டு வாங்கவேண்டும். ஐரோப்பியத் தரவிதிகள் இத்தகைய பாதுகாப்பு இல்லாத கதவை அனுமதிப்பதில்லை. கதவின் எடையை மாற்றும் எந்த வேலைக்குப் பிறகும், தெர்மகோல் ஒட்டுவதாயினும், குறுக்குச் சட்டம் சேர்ப்பதாயினும், பயிற்சி பெற்றவரைக் கொண்டு ஸ்பிரிங்கை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

வெளிக்கள ஊழியர் ஒரு கிடங்குக்குச் செல்லும்போது, மோட்டார் இணைப்பை நீக்கிவிட்டுக் கதவைப் பாதி உயரத்தில் நிறுத்திக் காட்டும்படி, அதனைப் பராமரிப்பவரிடம் கேட்கலாம். அப்போது அதன் கீழ் எவரும் நிற்கலாகாது. சமநிலையிலுள்ள கதவு அங்கேயே நிற்கும். கீழே இறங்கினாலும் மேலே ஓடினாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது எடை மாறியிருக்கிறது என்று அறியலாம். கம்பிவடத்தில் ஒரு புரி அறுந்திருந்தாலும் அன்றே மாற்றச் சொல்லவேண்டும். ஸ்பிரிங் பொருத்திய தேதியையும், அது எத்தனை தடவைக்கு உரியது என்பதையும் வாயிற் சட்டத்தின் உட்புறத்தில் வர்ணத்தால் எழுதி வைக்கும் வழக்கம் சில கிடங்குகளில் உண்டு. அதற்கு ஆகும் செலவு ஒரு தூரிகையும் ஐந்து நிமிஷமுமே.